ஆணுக்கும் உண்டு ஈஸ்ட்ரோஜன்

நேயர்களுக்கு வணக்கம். உடலியங்கியல் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். "எழுபது வயதுத் தாத்தா, எழுபது வயதுப் பாட்டி. இரண்டு பேரின் ரத்தத்தையும் சோதித்தால் யாருக்கு ஈஸ்ட்ரோஜன் அதிகமாக இருக்கும்?" வகுப்பே பாட்டி பக்கம் கை தூக்கும். பெரும்பாலும் தாத்தாவுக்குத்தான் அதிகம். மாதவிடாய் நின்றதும் சினைப்பை ஏறக்குறையக் கடையைச் சாத்திவிடுகிறது. ஆணுக்கோ ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் சுரந்துகொண்டே இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கை அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. கொழுப்பு, எலும்பு, மூளை, ரத்தக்குழாயின் சுவர் என்று பல இடங்களில் இந்த வேலை நடக்கிறது. 'பெண் ஹார்மோன்' என்ற பெயர் நம்மை ரொம்ப நாள் ஏமாற்றிவிட்டது.

சரி, ரத்தக்குழாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1994-ல் அமெரிக்காவிலிருந்து 28 வயது ஆண் ஒருவரைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வந்தது. உயரம் 204 சென்டிமீட்டர். அந்த வயதிலும் வளர்ந்துகொண்டிருந்தார், எலும்பு முனைகள் மூடவே இல்லை. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனுக்குக் குறைவில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி, மரபணுப் பிழையால் வேலை செய்யவில்லை. தபால் தினமும் வருகிறது, வாங்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

எலும்பு மருத்துவர்கள் அவரைப் பற்றி நிறையப் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 1997-ல் சுதிர் என்ற இதய மருத்துவரும் அவர் குழுவும் அந்த உயரமான மனிதருடைய கைத் தமனியைச் சோதித்ததுதான்.

அந்தச் சோதனை ரொம்ப எளிது. பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றி, நன்றாகக் காற்றடித்து, ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். விரல்கள் வெளுக்கும், மரத்துப்போகும். நானும் படுத்துப் பார்த்திருக்கிறேன், அந்த ஐந்து நிமிடம் லேசில் போகாது. காற்றை இறக்கியதும் மடை திறந்த மாதிரி ரத்தம் பாயும், கை சூடாகிச் சிவக்கும். அந்தப் பாய்ச்சல் மேல்கைத் தமனியின் உள்படலத்தை உரசிக்கொண்டு போகும். உரசல் பட்டதும் உள்படலச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடும். சுற்றியுள்ள தசை தளரும், குழாய் அகலும். அல்ட்ராசவுண்ட் திரையில் நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள கறுப்புப் பட்டை ஒரு நிமிடத்தில் கால் மில்லிமீட்டர் போல விரியும். அந்தக் கால் மில்லிமீட்டரைப் பார்க்கத்தான் இத்தனை பாடு! ஆனால் உள்படலம் உயிர்ப்போடு இருக்கிறதா என்பதை அதுதான் சொல்லும். அந்த வாயுவை விடும் நொதியைத் தட்டி எழுப்புவது ஈஸ்ட்ரோஜனின் வேலைகளில் ஒன்று.

அந்த மனிதருடைய தமனி விரியவில்லை. நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் வைத்தார்கள், விரிந்தது. அந்த மருந்து நைட்ரிக் ஆக்சைடை நேராகத் தசைக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. ஆகவே தசையில் கோளாறு இல்லை, உள்படலம்தான் பேசாமல் இருந்துவிட்டது. அவருடைய இதயத் தமனியில் சுண்ணாம்பும் படியத் தொடங்கியிருந்தது. அப்போது வயது 31.

ஒரே ஆளை வைத்து முடிவு கட்டக் கூடாது. 2003-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு வாரம் அனாஸ்ட்ரோசோல் கொடுத்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் மாத்திரை அது, அரோமட்டேஸை முடக்கும். ஈஸ்ட்ரோஜன் இறங்கியது, கைத் தமனி விரிவதும் குறைந்தது. 'ஈஸ்ட்ரோஜன் பிளாக்கர்' என்று ஜிம்மில் யாராவது எதையாவது நீட்டினால் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகத்துக்கு வரும்.

அப்படியானால் ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகக் கொடுத்தால் இதயம் பிழைக்குமே? இந்த யோசனை அமெரிக்காவில் 1960-களிலேயே வந்துவிட்டது. பெண்களுக்கு மாரடைப்பு தாமதமாக வருவதைப் பார்த்து வந்த யோசனை. ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்த 8,341 ஆண்களைச் சேர்த்து, பல மருந்துகளை ஒரே ஆய்வில் சோதித்தார்கள். அதில் ஒரு பிரிவுக்குத் தினம் 5 மில்லிகிராம் ஈஸ்ட்ரோஜன், இன்னொரு பிரிவுக்கு 2.5. கருவுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கும் மருந்து அது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வழக்கமாகத் தந்தது 0.625 மில்லிகிராம்தான். ஆக, 5 மில்லிகிராம் பிரிவு ஆண்களுக்கு எட்டு மடங்கு! 1970-ல் 5 மில்லிகிராம் பிரிவை நிறுத்த வேண்டியதாயிற்று, மாரடைப்பும் ரத்தக்கட்டியும் கூடிப்போயின. 1973-ல் 2.5 மில்லிகிராம் பிரிவையும் மூடினார்கள்.

உடல் தானே செய்துகொள்ளும் அளவு சொற்பம், அதையும் தேவைப்படும் இடத்திலேயே செய்துகொள்கிறது. விழுங்கிய மாத்திரையோ குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே போனதும், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரல் கூடுதலாகச் செய்யத் தொடங்குகிறது. உள்படலத்துக்கு என்ன நன்மை வந்திருந்தாலும், கட்டி வந்து அடைத்துக்கொண்டால் என்ன பயன்?

கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போக முடியுமா என்று பிரிட்டனில் பார்த்தார்கள். புராஸ்டேட் புற்றுநோய் உள்ள ஆண்களுக்கு டெஸ்டோஸ்டீரோனைக் குறைக்க, சிலருக்கு வழக்கமான ஹார்மோன் ஊசி, சிலருக்குத் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டை. 2021-ல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் ஊசி போட்டவர்களைவிடப் பட்டை ஒட்டியவர்களுக்கு அதிகமாகவில்லை. மார்பு வீங்கும் தொல்லை மட்டும் பட்டைக்காரர்களுக்குத்தான் அதிகம். நன்றி, வணக்கம்.