செருப்பைக் கழற்றினால் காலும் போய்விடுமா?

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். மேடையில் இருக்கிற எல்லோர் பெயரையும் சொல்லி வணங்கினால் எனக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் மூன்று போய்விடும், அதனால் மொத்தமாக ஒரு கும்பிடு. குறளும் சொல்லப் போவதில்லை. எதிரணியில் மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு சொல்லிவிட்டார்கள், திருவள்ளுவருக்கே மூச்சு வாங்கியிருக்கும்.

தலைப்பு என்ன? 'பிறர் மனதுக்காக நம் கொள்கையைச் சற்று ஒதுக்கி வைப்பது பண்பாடா, பலவீனமா?' பண்பாடு என்று பேசச் சொல்லி என்னை இந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள். பலவீனம் என்று பேசச் சொல்லியிருந்தாலும் பேசியிருப்பேன், அது வேறு விஷயம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒன்று சொன்னார், பலத்த கைதட்டலும் வாங்கினார். 'இந்த அணிக்காரர்களுக்குக் கொள்கை என்பது செருப்பு மாதிரி, எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே கழற்றிவிட்டுவிடுவார்கள்' என்றார். தம்பி, அந்தச் செருப்புக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

என் சித்தப்பா கறுப்புச் சட்டைக்காரர். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் யாராவது தும்மிவிட்டு 'முருகா' என்றால்கூட விடமாட்டார். 'தும்மினது மூக்கு, முருகன் இல்லை' என்பார். பழநி மலை எங்களுக்குக் கூப்பிடு தூரம் மாதிரி, ஆனால் அறுபத்தாறு வயது வரை அவர் அதை பஸ் ஜன்னல் வழியாக மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

2014-இல் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பைபாஸ். ஐசியூவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய அக்கா, அதாவது எங்கள் அத்தை, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'முருகா, இவனை எழுப்பி உட்கார வெச்சுடு, மொட்டை போட்டுடறேன்' என்று வேண்டிக்கொண்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. யார் தலைக்கு என்பதை மட்டும் அத்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சித்தப்பா பிழைத்து வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆயிற்று. ஒரு நாள் அத்தை வந்து உட்கார்ந்தார்.

'எப்படா பழநிக்குப் போறது?'

'எதுக்கு?'

'மொட்டைக்கு.'

'போய்ப் போட்டுக்க, யாரு வேண்டாம்னா?'

'எனக்கில்லடா. உனக்கு.'

அடுத்தவர் தலையை அடமானம் வைக்கிற அதிகாரம் ரிசர்வ் வங்கிக்குக்கூடக் கிடையாது, எங்கள் அத்தைக்கு இருந்தது! இதில் இன்னொரு சிக்கல். சித்தப்பா தலையில் முடியே கிடையாது. இந்தக் காதுக்கு மேலே கொஞ்சம், அந்தக் காதுக்கு மேலே கொஞ்சம், நடுவில் விமானம் இறக்கலாம். அவர் அதையே பிடித்துக்கொண்டார். 'அக்கா, பாரு, இதுல இறக்கறதுக்கு என்ன இருக்கு?' என்று தலையைக் குனிந்து காட்டினார். அத்தை பார்த்தார். யோசித்தார். யோசிக்க விட்டிருக்கக் கூடாது. 'ஆமாடா, இதைக் குடுத்தா முருகனை ஏமாத்தின மாதிரி ஆயிரும். மீசையையும் சேர்த்துக்கலாம்' என்றார்.

நடுவர் அவர்களே, அது நாற்பது வருட மீசை. சித்தி அந்த மீசையைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்குச் சரி என்று சொன்னார் என்று ஒரு வதந்தி உண்டு. இரண்டு மாதம் வீட்டில் சண்டை.

'நேர்ந்தது நீ, முடி என்னுது. இது மோசடி.'

'மோசடின்னா முருகன்கிட்ட போய்ச் சொல்லு.'

'அவனே இல்லைங்கிறேன்!'

'இல்லாதவனுக்குக் குடுக்கறதுல உனக்கென்னடா நஷ்டம்? முடிதானேடா, வளரும்.'

இந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் இன்றுவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை. எதிரணி முயற்சி செய்து பார்க்கலாம்.

அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் சித்தப்பா குளித்து, கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலில் வந்து நின்று 'கிளம்புங்க' என்றார். ராத்திரி என்ன நடந்தது, ஏன் மனம் மாறினார் என்பதைப் பிறகு சொல்கிறேன், நடுவர் மணியில் கை வைக்காமல் இருந்தால்.

சரவணப் பொய்கைக்குப் போனோம். முடி எடுக்கிறவர் நிமிர்ந்து பார்த்து 'யாருக்குங்க மொட்டை?' என்றார். 'எனக்குத்தான்.' அவர் தலையைப் பார்த்தார், கறுப்புச் சட்டையைப் பார்த்தார், மறுபடியும் தலையைப் பார்த்தார். 'போன வாரம் எடுத்தீங்களா?' என்றார். சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மீசையைக் காட்டினார். தலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. மீசைக்கு அவர் கத்தியைக் கொண்டுபோனபோது அத்தை இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நேர்ந்துகொண்டவரே பார்க்க மாட்டேன் என்றால் எப்படி?

எங்கள் மூன்று பேரையும் விஞ்ச்சில் ஏற்றிவிட வந்த சித்தப்பா, 'மொட்டை வரைக்கும்தான் நம்ம ஒப்பந்தம். நான் மேலே வரலை' என்றார். அத்தை கொஞ்சமும் வற்புறுத்தவில்லை. 'உன்னை யாரு கூப்பிட்டா? செருப்பைப் பார்த்துக்க' என்று மஞ்சள் பையைக் கையில் கொடுத்துவிட்டு ஏறிவிட்டார். அடிவாரத்து டீக்கடை பெஞ்ச்சில் சந்தனம் தடவிய மொட்டைத் தலை, கறுப்புச் சட்டை, மீசை இல்லாத முகம், மடியில் மூன்று ஜோடிச் செருப்பு. (போன மாதம் வேறோர் ஊரில் ஆறு ஜோடி என்று சொன்னேன். கூட்டத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும்.) அந்த நேரம் பார்த்துப் பழைய இயக்கத் தோழர் ஒருவர் வந்து நிற்கிறார். அவர் எதற்குப் பழநி அடிவாரத்துக்கு வந்தார் என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். 'என்ன தோழர் இது?' என்றார். சித்தப்பா டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: 'மொட்டை எங்க அக்காவோடது தோழர். தலை மட்டும்தான் என்னுது.'

இப்போது செருப்புக்கு வருகிறேன் தம்பி.

ஒருவர் வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுகிறோம். நம் செருப்பு கேவலம் என்றா கழற்றுகிறோம்? அந்த வீட்டுத் தரையை அந்த அம்மா காலையில்தான் துடைத்திருப்பார். உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வெளியே வந்து என்ன செய்கிறோம்? வெறுங்காலோடா வீடு திரும்புகிறோம்? அதே செருப்பைத் தேடி அதே காலில் மாட்டிக்கொண்டுதானே போகிறோம்? பக்கத்தில் கிடக்கிற புதுச் செருப்பாகப் பார்த்து மாட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு, அதற்குக் கட்சி மாறுவது என்று பெயர், அது இன்றைய தலைப்பு இல்லை.

அது மட்டுமா? எதிரணித் தம்பி இந்த மேடைக்கு ஏறும்போது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். இங்கே செருப்புப் போடக் கூடாது என்று போர்டு இருக்கிறதா? இல்லை. நடுவர் போட்டிருக்கிறார், நான் போட்டிருக்கிறேன். ஏன் தம்பி கழற்றினீர்கள்? மேடை போட்டவர் ஏதாவது நினைத்துக்கொள்வார் என்றுதானே? அதைத்தான் ஐயா பண்பாடு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறோம்! எங்கள் கட்சிக்கு இன்றைக்குச் சிறந்த வாதம் உங்கள் கால்தான். அந்த ஜோடி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது, போகும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஓர் இடத்தில் சிரிப்பை நிறுத்த வேண்டியிருக்கிறது. இதே தமிழ்நாட்டில், சில ஊர்களில் சில தெருக்களில், தலித் மக்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். எப்போதோ மன்னர் காலத்தில் இல்லை, நம் காலத்தில். அங்கே கழற்றுவதைப் பண்பாடு என்று யாராவது சொன்னால் நானே எழுந்து எதிரணியில் போய் உட்கார்ந்துவிடுவேன். கழற்று என்று மிரட்டுகிறவன் தெருவில் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். நான் பேசுவது நாமாகக் கழற்றுகிற செருப்பைப் பற்றி.

'பெரியார் விட்டுக்கொடுத்தாரா, காந்தி விட்டுக்கொடுத்தாரா' என்றும் கேட்டார்கள். கொடுத்தார்கள்! 1953-இல் ஊரறியப் பிள்ளையார் சிலையை உடைத்த பெரியார், தான் போன கூட்டத்தில் கடவுள் வாழ்த்துப் பாடினால், தள்ளாத வயதிலும் இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க எழுந்து நின்றார். ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று ஊர் ஊராகப் போய் எதிர்த்தவர்தான், 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது 93 வயதில் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து அழுதார். மறுநாள் அவர் கொள்கை என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை, அடுத்த ஆண்டு டிசம்பரில் சாகிற வரைக்கும் அதையேதான் பேசினார். காந்தி, பால் குடிப்பதில்லை என்று விரதம் எடுத்தவர். 1918-இல் சீதபேதி வந்து உடம்பு தேறவே இல்லை. பசும்பாலும் எருமைப் பாலும்தானே கூடாது, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூர்பா மடக்கினார், அவர் குடித்தார். விரதத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் உட்பொருளைக் கைவிட்டுவிட்டோமே என்று அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் பாருங்கள், எல்லா வீட்டிலும் கேள்வி கேட்பது ஒரு பெண்மணியாகத்தான் இருக்கிறார்.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது. நடுவர் அவர்களே, அந்த ராத்திரி பாக்கி இருக்கிறது. இரண்டு நிமிடம்.

எங்கள் அத்தை முப்பத்தொரு வயதில் மாமாவைப் பறிகொடுத்தவர். அதற்கப்புறம் வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் அவர் சமையல்கட்டுப் பக்கமாகத்தான் இருப்பார். யாரும் போகச் சொன்னதில்லை, அவராகவே போய்விடுவார். அதுதான் அவர் கொள்கை. 2006-இல் சித்தப்பா மகளுக்குச் சுயமரியாதைத் திருமணம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் சட்டமாக்கினாரே, அந்த முறை. ஐயர் கிடையாது, மாலை மாற்றினால் கல்யாணம். மாலையை எங்கள் அக்காதான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சித்தப்பா மைக்கில் சொல்லிவிட்டார். அத்தை பின்கட்டிலிருந்து வரவே இல்லை. 'என் கை பட்டா ஆகாதுடா. புள்ளை நல்லா இருக்கட்டும்டா' என்று அழுகிறார். சித்தப்பா உள்ளே போய், 'நீ எடுத்துக் குடுக்கலைன்னா மாலை தட்டுலயே கிடக்கட்டும்க்கா' என்றார்.

அத்தை வந்தார். கை நடுங்கி மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேதான் எடுத்துக் கொடுத்தார். அவர் நம்பிக்கை ஒன்றும் மாறிவிடவில்லை, தன் கை பட்டதற்காக அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று அதற்கப்புறம் ஒரு மண்டலம் விளக்குப் போட்டார். சித்தப்பாவுக்கு அது தெரியும். அவர் எதுவும் கேட்கவில்லை.

மீசைச் சண்டையின் கடைசி ராத்திரி அத்தை முருகனைப் பற்றியே பேசவில்லை. படுக்கப் போகும்போது திண்ணையில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார். 'அன்னைக்கு நீ கூப்பிட்டே, நான் வந்தேன்ல?' அவ்வளவுதான். காலையில் சித்தப்பா வாசலில் நின்றார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தை போய்விட்டார். சித்தப்பா எந்தச் சடங்கிலும் நிற்கவில்லை, தண்ணீர்க் குடம் உடைக்கும்போதுகூடத் தள்ளித்தான் நின்றார். நாங்கள் யாரும் அவரை எதற்கும் கூப்பிடவில்லை. காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவரைக் காணோம். குளியலறையிலிருந்து வந்தார். பழநிக்கு அப்புறம் அத்தனை வருடம் வளர்த்து வெள்ளை வெளேரென்று வைத்திருந்த மீசையைக் காணவில்லை. யாரும் நேர்ந்துகொள்ளவில்லை, யாரும் சொல்லவில்லை. நான் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, 'முடிதானேடா, வளரும்' என்றார்.

வணக்கம்.