எலும்பு ஏற்றுக்கொள்ளும் உலோகம்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்தில் கால் உடைந்து படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால், ஆரஞ்சுப் பழத்தைக் கையில் கொடுத்த கையோடு கேட்பது, "உள்ளே பிளேட் வைத்தார்களா, ராடு வைத்தார்களா?" என்பதுதான். அடுத்து, செலவு எவ்வளவு என்று கேட்போம். அந்த உலோகத்தின் மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கல்லூரியில் பொருளறிவியல் கற்பிக்கும் நான் அந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

எலும்புக்குள் வைக்கும் உலோகங்களில் இன்று பெரிதும் நம்பப்படுவது டைட்டானியக் கலவை. அதில் ஏறத்தாழ 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம், மீதி டைட்டானியம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் கிடைக்கும் இல்மனைட் இந்த டைட்டானியத்தின் தாதுதான். துருப்பிடிக்காத எஃகை விட இந்தக் கலவை எடை குறைவு. விறைப்பும் ஏறக்குறைய பாதிதான். இது முக்கியம். உலோகம் மிக விறைப்பாக இருந்தால் உடலின் பாரத்தை அதுவே தாங்கிக்கொள்ளும். வேலை இல்லாத எலும்பு நாளடைவில் மெலிந்துபோகும்.

1952இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பிரானெமார்க், முயலின் காலெலும்புக்குள் இரத்த ஓட்டத்தைக் கவனிப்பதற்காக டைட்டானியத்தால் ஆன சிறு கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய செயற்கைப் பல் வேர் சிகிச்சை. ஆனால் டைட்டானியம் தானாக எலும்பை அழைப்பதில்லை. காற்றுப் பட்டதும் அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் உண்டாகிறது. அந்தப் படலம் உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கிறது, உடலைத் தொந்தரவு செய்வதில்லை, அத்தோடு சரி. அதனால் எலும்பு வந்து ஒட்ட மாதங்கள் ஆகும். அதற்குள் உலோகம் அசைந்தால், இடையில் மெல்லிய நார்த்திசு வளர்ந்துவிடும். பிறகு ஆட்டம் நிற்காது, வலியும் நிற்காது.

இங்கேதான் உயிர்வினைப் பூச்சு, அதாவது உடலோடு வினைபுரிந்து எலும்போடு பிணையும் பூச்சு, வருகிறது. நம் எலும்பின் எடையில் பெரும்பகுதி கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப்பொருள். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ராக்சி அபடைட்டைப் பொடியாக்கி, பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மா என்னும் மின்னூட்டம் பெற்ற வாயுவில் செலுத்தி உலோகத்தின் மேல் தெளிப்பார்கள். கொத்தனார் வழவழப்பான கான்கிரீட் தூணைக் கொத்திவிட்டுத்தானே சிமென்ட் பூசுவார்? அப்படியே இங்கும் உலோகத்தை முதலில் சொரசொரப்பாக்க வேண்டும். 1985இல் லண்டனில் ஃபர்லாங் என்ற அறுவை மருத்துவர் இந்தப் பூச்சுள்ள இடுப்பு மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். புதிய எலும்பு இந்தப் பூச்சின் மேல் நேரடியாக வளர்கிறது.

குறை இல்லாத முறை என்று சொல்ல மாட்டேன். அந்த வெப்பத்தில் அபடைட்டின் ஒரு பகுதி சிதைந்து, உடலில் சீக்கிரம் கரையும் வேறு பொருளாகிறது. பூச்சு தடித்தால் உரிந்து வரும் ஆபத்தும் கூடுகிறது. 1969இல் அமெரிக்காவில் லாரி ஹென்ச் உருவாக்கிய உயிர்வினைக் கண்ணாடி எலும்போடு அருமையாகப் பிணையும். ஆனால் சூடாக்கி ஆறவிடும்போது அது டைட்டானியத்தை விட அதிகமாகச் சுருங்குவதால் பூச்சு விரிசல் விடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானியர் கொகுபோவின் வழி. வெளியிலிருந்து எதையும் பூச வேண்டியதில்லை. டைட்டானியத் துண்டை 60 டிகிரி காஸ்டிக் சோடா கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, 600 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட வேண்டும். பிறகு இரத்த நீரைப் போன்ற உப்புகள் கலந்த கரைசலில் 37 டிகிரியில் வைத்தால், கரைசலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் தாமாகவே அதன் மேல் அபடைட்டாகப் படியும். சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்துவிடலாம். மின்வேதி முறையில் ஆக்சைடு படலத்தைத் தடிப்பாக்கும் வழியும் உண்டு. மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிறுவனம் நமக்குப் பக்கத்தில் காரைக்குடியில் இருக்கிறது. வேதியியலும் இயற்பியலும் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் பூச்சு இருந்தாலே மேல் என்று எண்ணிவிடாதீர்கள். நிலையாக உள்ளே இருக்க வேண்டிய இடுப்பு மூட்டுக்கும் பல் வேருக்கும் எலும்பு ஒட்ட வேண்டும். பிள்ளைகளின் காலில் வைத்து, பிறகு எடுக்கப்போகும் பிளேட்டில் எலும்பு ஒட்டிக்கொண்டால், எடுக்கும் மருத்துவருக்குத்தான் திண்டாட்டம்.

கண்மாய்க் கரையில் பைக் சறுக்கி, தோல் கிழிந்து எலும்பு தெரிய, காயத்தில் மண்ணோடு வருபவரின் நிலை வேறு. உலோகத்தின் மேல் முதலில் குடியேறுவது எலும்புச் செல்லா, கிருமியா என்பதே அங்கே கேள்வி. கிருமி முந்திவிட்டால் தன்னைச் சுற்றிப் பிசின் போன்ற படலத்தைக் கட்டிக்கொள்ளும். மாத்திரையும் ஊசியும் அதற்குள் சரியாகப் போய்ச் சேராது. அதனால்தான் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்த பூச்சுகளும் வெள்ளி கலந்த பூச்சுகளும் வந்திருக்கின்றன. சர்க்கரை நோயும் சாலை விபத்தும் மிகுந்த நம் பகுதிக்கு, எலும்பை ஒட்டவைக்கும் பூச்சை விடக் கிருமியைத் தடுக்கும் பூச்சே அவசரத் தேவை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதைக் குறைந்த விலையில் இங்கேயே செய்ய வேண்டும்.

எந்தப் பூச்சும் தனியாக எலும்பை வளர்க்காது. பீடி, சிகரெட் புகைப்பவருக்கு எலும்பு கூடுவது தாமதமாகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் காயத்தில் கிருமி எளிதில் பிடிக்கும்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, உள்ளே வைத்தது என்ன உலோகம், பூச்சு உண்டா, பிறகு எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உலோகம் வந்த உறையில் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஸ்குரூவைக் கழற்ற நேர்ந்தால், அதன் தலைக்குப் பொருந்தும் கருவி எது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனாலும் அந்தச் சீட்டை முதலிலேயே காட்டிவிடுங்கள். நன்றி, வணக்கம்.