அந்த இளநீர் வீடியோ
(கோபிச்செட்டிபாளையத்தில் இளம் மருத்துவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

மூன்று வருடம் முன்பு, சித்திரை வெயிலில் பொள்ளாச்சிச் சாலையோரம் நின்று ஒரு வீடியோ எடுத்துப் போட்டேன். "கூல்டிரிங்ஸ் வேண்டாம், தினமும் இளநீர் குடிங்க" என்று இரண்டு நிமிடப் பேச்சு. அதில் பொய் எதுவும் இல்லை. நிறையப் பேர் பகிர்ந்தார்கள், எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெரியவரைத் தூக்கி வந்தார்கள். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்; ஊரைச் சொல்லப்போவதில்லை. கால் இரண்டும் துவண்டு கிடந்தன. நாடித்துடிப்பு 40-க்கும் கீழே. ரத்தத்தில் பொட்டாசியம் 7.1. அது 5-க்குள் இருக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சர்க்கரையால் சிறுநீரகம் பழுதானவர், பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாதவர். பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர். அந்த மாத்திரையே பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். அதற்கு மேல், பொட்டாசியம் நிறைந்த இளநீர், சொந்தத் தோப்பில் பறித்தது, தினமும் மூன்று. கால்சியம் ஊசி, குளுக்கோஸோடு இன்சுலின் என்று விடிய விடியப் போராடித்தான் மீட்டோம்.

தெளிந்ததும், "ஏனுங்கய்யா இத்தனை இளநீர் குடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நீங்கதான கண்ணு போன்ல சொன்னீங்க" என்றார். குரலில் துளி கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஓபியில் அவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தால் இளநீர் என்ற பேச்சை எடுக்கும் முன்பே சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு, என்ன மாத்திரை என்று கேட்டிருப்பேன். கேமரா முன்னால் கேட்க ஆள் இல்லை, நானும் அதை யோசிக்கவில்லை. இளநீர்க் கடைக்காரர் சொன்னால் வியாபாரத்துக்குச் சொல்கிறார் என்று ஜனங்களுக்குத் தெரியும். நாம் சொன்னால், "டாக்டரே சொல்லிட்டாரு" என்று அதோடு விசாரிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். நம் நடத்தை விதிகள் 2002-ல் வந்தவை. அன்றைக்கு இந்த ரீல்ஸ் எல்லாம் ஏது? தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புது விதிகள் கொண்டுவந்தது. பொதுவெளியில் மருந்து எழுதாதே, நோயாளியின் படத்தையும் ஸ்கேனையும் போடாதே, காசு கொடுத்து லைக் வாங்காதே என்றெல்லாம் அதில் இருந்தது. மூன்றே வாரத்தில், அதே மாதம் 23-ம் தேதி, நிறுத்தி வைத்துவிட்டார்கள். 2020-ன் தொலைமருத்துவ நெறிமுறை வாட்ஸப்பில் வைத்தியம் பார்க்க அனுமதிக்கிறது. ஆனால் ஆள் யார், வயது என்ன என்று உறுதி செய்ய வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், சீட்டில் நம் பதிவு எண் இருக்க வேண்டும். கமெண்டில் ஒருவர் "தலைசுத்துது டாக்டர்" என்று எழுத, கீழேயே மாத்திரை பெயரைத் தட்டி விடுகிறோமே, அதில் இவற்றில் எது இருக்கிறது?

படம் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணை மட்டும் மறைத்தால் போதும் என்று நினைக்கிறீர்கள். நம் பக்கத்தில் நடையைப் பார்த்தே இன்னார் வீட்டு ஆள் என்று சொல்லிவிடுவார்கள்.

பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாம் ஒதுங்கினால் அந்த இடத்துக்குப் போலிகள் வந்துவிடுவார்கள். அந்தப் பழைய வீடியோவை எடுத்துவிட்டு மறுபடி பேசிப் போட்டேன். "சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க உங்க டாக்டரைக் கேட்காம இளநீர் குடிக்காதீங்க" என்பதுதான் முதல் வரி. பார்த்தவர்கள் குறைவு. பரவாயில்லை.

அந்தப் பெரியவர் மாதம் ஒருமுறை வருகிறார். பேரன் போனில் ஏதாவது ஒரு வீடியோவைக் காட்டி, "இது எனக்கு ஆகுமுங்களா?" என்று கேட்பார். போன வாரம் காட்டியது, பிரஷருக்குச் சோடியம் குறைந்த உப்பு நல்லது என்று ஒரு மருத்துவர் பேசியது. அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்துவிட்டுச் சேர்ப்பது பொட்டாசியத்தை. நான்கு நிமிடம் பேசியவர் அதைச் சொல்லவே இல்லை.