உசிலைக் கட்டை துளிர்க்கட்டும்

அனைவருக்கும் வணக்கம்.

கோவைக்குப் பக்கத்தில் ஆனைகட்டி, மாங்கரை, தடாகம் பகுதியில் புதிதாக நிலம் வாங்கியவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உள்ளே வரும்போதே மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "என்ன மரம் வைக்கலாம்?" முதல் வருடம் எதையும் வைக்காதீர்கள் என்றுதான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

என் நிலம் நான்கு ஏக்கர். மலைச் சரிவு முடிந்து ஓடைக்கு இறங்கும் இடம். சரளை கலந்த செம்மண். வாங்கிய மாதமே ஜேசிபி விட்டு முள்ளும் புதருமாக இருந்ததை எல்லாம் வழித்தெடுத்தேன். நிலம் பளிச்சென்று இருந்தது. ஒரு நாற்றுப் பண்ணையில் மகோகனி வைத்தால் பத்து வருடத்தில் கோடி என்றார்கள். 300 கன்று வாங்கி, தை மாதத்தில் நட்டேன். தை மாதத்தில்! சித்திரைக்குள் முக்கால்வாசி காய்ந்துவிட்டது. மிச்சம் இருந்தவை அடுத்த கோடையில் போயின.

அந்தச் சமயத்தில் ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் வந்தார். ஜேசிபி பிடுங்காமல் விட்ட ஒரு கட்டையைக் காட்டினார். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அது இடுப்பு உயரத்துக்குத் துளிர்த்திருந்தது. "இது உசிலைங்க. இங்க நிக்கிற மரம் இதுதானுங்க. இதையெல்லாம் ஏனுங்க புடுங்குனீங்க?" என்றார். அதன் இலையை அரப்புத் தூளாகத் தலையில் தேய்த்துக் குளித்திருக்கிறேனே தவிர, உசிலை மரத்தை அன்றுதான் முதன்முதலாக அடையாளம் கண்டேன்.

நம் பக்கத்து மழையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கிற மழை, இங்கே காற்றும் சாரலுமாகத்தான் வந்து சேர்கிறது. கோவைப் பக்கம் வருடத்துக்கு 600 முதல் 700 மி.மீ. பெய்தாலே பெரிது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். அதன் பிறகு கோடை மழை வரும் வரை செடி தன் வேரை நம்பித்தான் நிற்க வேண்டும். மகோகனி அமெரிக்கக் கண்டத்தின் மழைக்காட்டு மரம். அதற்கு ஆழமான மண்ணும் நிறைய ஈரமும் வேண்டும். மரத்தின் மேல் குற்றம் இல்லை, வைத்த இடம்தான் தப்பு.

அதனால் ஒரு வருடம் சும்மா நடந்து பாருங்கள். தானாக வந்தது எது, ஆடு கடித்தும் துளிர்ப்பது எது, மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று கவனியுங்கள். பக்கத்து ஊர்க் கோயில்காட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். உசிலை, வெள்வேல், ஆத்தி, வேம்பு, வெப்பாலை, விளா, இலந்தை என்று நிற்பவைதான் உங்கள் நிலத்துக்கான பட்டியல். ஓடை ஓரத்தில் மட்டும் நாவல், மருது, புங்கன், இலுப்பை வைக்கலாம். அவற்றை மேட்டில் வைத்துக் கஷ்டப்படுத்தாதீர்கள். உன்னிச்செடியையும் சீமைக்கருவேலத்தையும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே நாளில் மொட்டை அடிக்காமல், மரம் வைக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

ஆச்சா மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. நம் நாட்டின் மிகக் கனமான மரங்களில் ஒன்று. முதல் சில வருடம் மேலே ஒன்றுமே தெரியாது. கோடையில் தண்டு காய்ந்துகூடப் போகும். செத்துவிட்டது என்று நானே இரண்டைப் பிடுங்கிப் பார்த்தேன், முழு வேரும் வரவில்லை, அத்தனை ஆழம் போயிருந்தது. கீழே வேரைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அது மேலே வளர ஆரம்பிக்கும். பொறுமை இருப்பவர்கள் கட்டாயம் பத்துக் கன்றாவது வையுங்கள்.

சரி, நடுவது எப்படி? கன்றுக்கு முன்னால் தண்ணீர்தான். புரட்டாசிக்குள் இரண்டு அடிக் குழி எடுத்து, மேல்மண்ணைத் தனியாக வையுங்கள். குழிக்குத் தாழ்வான பக்கம் அரைவட்டமாகக் கரை போடுங்கள், வாய் மேட்டைப் பார்த்து இருக்கட்டும். சரிவில் ஓடி வருகிற மழை அதில் நின்று இறங்கும். முதல் நல்ல மழை குழியை நனைத்த பிறகு மேல்மண்ணோடு மட்கிய எருவும், கரையானுக்காக வேப்பம்புண்ணாக்கும் கலந்து நடுங்கள். ஆள் உயரக் கன்றைப் பார்த்து மயங்க வேண்டாம். பையில் நாள்பட இருந்த கன்றின் வேர் சுருண்டிருக்கும், அது ஆழம் போகாது. ஒன்றரை அடிக் கன்று அதைவிட மேல். பனைக்குக் கன்றே வேண்டாம், கொட்டையைப் புதைத்தால் போதும்.

தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட வாரம் ஒரு முறை ஒரு குடம் நல்லது. பக்கத்தில் மண்பானையைப் புதைத்துத் தண்ணீர் நிரப்பினால் இன்னும் சிக்கனம். தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விட்டு, சுற்றிலும் சருகு மூடாக்குப் போடுங்கள். இரண்டு கோடை இப்படிக் காப்பாற்றினால் போதும்.

வேலிக்கு நம் கொங்குநாட்டுக் கிளுவை இருக்கிறது. மழைக்காலத்தில் குச்சியை ஊன்றினாலே வேர்விடும், ஆடும் நுழையாது. ஆனால் யானைக்கு எந்த வேலியும் வேலி இல்லை. காட்டு ஓரத்தில் பலா, வாழை, தென்னை வைத்து அதைக் கூப்பிடாதீர்கள். அதன் வழித்தடத்தில்தான் நாம் குடியிருக்கிறோம். எல்லையில் பத்தடிக்குக் காய்ந்த புல்லை மாசிக்குள் செதுக்கிவிடுங்கள், தீ எளிதில் தாண்டாது. அப்புறம், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிக் கிராமங்களில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். உங்கள் சர்வே எண் அதில் வருகிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

அந்த உசிலைக் கட்டை இன்று இரண்டு ஆள் உயரம். அதன் நெற்றும் வெள்வேல் நெற்றும் வாசலில் கூடையில் வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றை உடைத்து விதையை எடுங்கள். விதைத்தோல் கெட்டி. அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் போட்டு, அப்படியே ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் காலை விதையுங்கள். வணக்கம்.