கூரையில ஏறுற பாரம்

வணக்கம். என்னைக் கட்டட வேலை பற்றிக் கதைக்கத்தான் கூப்பிட்டவை, நான் இண்டைக்கு ஸ்னோவைப் பற்றிக் கதைக்கப் போறன். ஏனெண்டா எங்கட திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலயும் மூதூரிலயும் பிள்ளையள் கனடாவில இருக்கிற வீடுகள் எத்தினை, தை மாசம் வந்தா "அம்மா இஞ்ச பாருங்கோ" எண்டு வீடியோ கோல்ல வெள்ளையாக் கிடக்கிற கூரையைக் காட்டுவினம், நாங்களும் வடிவா இருக்கெண்டு சொல்லிட்டு வச்சிடுவம்.

எங்கட ஊர்ல கூரைக்குப் பயம் காத்தாலதான். 1964 மார்கழிச் சூறாவளியைக் கண்ட பெரியாக்களுக்குத் தெரியும், 2020ல புரேவி வரேக்கயும் அந்தப் பயம்தான், தகரத்தைக் கீழ இருந்து நெம்பித் தூக்கிக்கொண்டு போயிடும், அதாலதான் கைமரத்தைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டுறம். அங்க அப்பிடியில்லை, மேல இருந்து அமத்துது.

புதுசா விழுற ஸ்னோ பஞ்சுமாதிரி, ஒரு கன மீட்டர் 100 கிலோவும் வராது. கிடந்து இறுகினா 200, 300 கிலோ. ஐஸ் எண்டா 900க்கும் மேல. 100 சதுர மீட்டர் கூரையில இறுகின ஸ்னோ அரை மீட்டர் உயரத்துக்கு நிண்டா 10 தொன்னில இருந்து 15 தொன் வரும், அதுக்கு மேல மழையும் பெஞ்சா ஸ்னோ தண்ணியைக் குடிச்சிட்டு இன்னும் பாரமாகும். காத்து வேற ஸ்னோவை அள்ளி ஒரு பக்கமாக் குவிக்கும், உயரமான கட்டடத்துக்குப் பக்கத்தில இருக்கிற பதிஞ்ச கூரையள் இதால கனக்க அடிபடுது.

ஆனா ஸ்னோவை மட்டும் குற்றம் சொல்ல ஏலாது. அமெரிக்காவில ஹார்ட்ஃபோர்ட் எண்ட இடத்தில 1978 தை 18ம் திகதி விடியப்புறம் ஒரு பெரிய உள்ளரங்கத்தின்ர கூரை அப்பிடியே விழுந்தது, அதுக்குச் சில மணித்தியாலம் முன்னதான் அங்க ஆயிரக்கணக்கில சனம் இருந்து கூடைப்பந்து மெட்ச் பாத்தது. அந்தக் கூரை கட்டேக்கையே கணக்கில போட்டதை விடக் கூட வளைஞ்சிருந்தது, அதைப் பெரிசா எடுக்கேல்லை. 2006ல போலந்தில கட்டோவிட்ஸ் நகரத்தில புறாக் கண்காட்சி நடந்த மண்டபம் விழுந்து 65 பேர் செத்தவை, கூரையில குவிஞ்சு கிடந்ததை ஒழுங்கா அள்ளேல்லை. எனக்கு இதுதான் பொறுக்கேலாமக் கிடக்கு, கூரை சொல்லிக்கொண்டுதான் விழுது, ஆக்கள்தான் கேக்கிறேல்லை.

வீடுகள்ல வாற கரைச்சல் வேற. உள்ளுக்க ஹீட்டர் சூட்டுக்கு முகட்டுப் பக்கத்து ஸ்னோ உருகி ஓடி வந்து, குளிரா இருக்கிற கூரை விளிம்பில திரும்ப உறைஞ்சு அணை கட்டிடும். பின்னால வாற தண்ணி போக வழியில்லாம சிங்கிள்ஸுக்கு, அதான் அங்க கூரையில ஓடு மாதிரி அடுக்கி அடிக்கிற தகடுகளுக்கு, கீழால பூந்து சீலிங்கில வந்து நிக்கும். எங்களுக்குக் கார்த்திகை மழையில பீலி இலை அடைச்சாச் சுவரில தண்ணி இறங்குமே, அதே கதைதான்.

அதால பிள்ளையள் கோல் எடுக்கேக்க இதையும் கேளுங்கோ. நல்லாத் திறந்துகொண்டு இருந்த கதவு திடீரெண்டு இறுகுதா, சீலிங்கில புது வெடிப்பு வந்திருக்கா, ஒரு பக்கம் தொங்குதா, மேல மரம் நெரிபடுற சத்தம் கேக்குதா, இதில ஏதாவது ஒண்டு இருந்தாலும் சாமான் சட்டு எடுக்க நிக்காம உடன வெளிய போகச் சொல்லுங்கோ. ஸ்னோ அள்ளக் கூரையில ஏற வேண்டாம், நிலத்தில நிண்டு நீளத் தடியால இழுக்கிற சாமான் கடையில இருக்கு, அதையும் கரண்ட் வயருக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. பிறகு வீட்டுப் பக்கச் சுவரால ஃபர்னஸ், அதான் வீட்டைச் சூடாக்கிற அடுப்பு, அதின்ர புகை போற குழாய் வரும், அந்தக் குழாயை ஸ்னோ மூடினா காபன் மொனொக்சைட் எண்ட நச்சு வாயு உள்ளுக்கயே நிண்டிடும், அதுக்கு மணமுமில்லை நிறமுமில்லை. ஒவ்வொரு முறை ஸ்னோ கொட்டி ஓய்ஞ்ச உடனயும் அந்தக் குழாய் வாயை முதல்ல கிளியர் பண்ணச் சொல்லுங்கோ.