சாந்தோரினி சன்செட் டின்னர் க்ரூஸ்: படகை விட்டுடுங்க, ரூட்டைப் பாருங்க

வணக்கம் மக்களே. கிரீஸ்ல சாந்தோரினி தீவு, அங்க சாயங்காலம் கிளம்புற டின்னர் க்ரூஸ், அதைப் பத்திதான் இன்னைக்கு முழு வீடியோவும். புக்கிங் சைட்டைத் திறந்தீங்கன்னா எல்லா கம்பெனியும் ஒரே படத்தைத்தான் போட்டிருப்பாங்க: வெள்ளைப் படகு, கையில வைன் கிளாஸ், பின்னாடி ஆரஞ்சு வானம். அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி, "சூரியன் மறையிற நேரத்துல படகு எங்க நிக்கும்?" இதுக்கு நேரா பதில் சொல்ற கம்பெனியில புக் பண்ணுங்க.

ஏன் அப்படின்னு புரிய மேப் பார்க்கணும். ஸ்க்ரீன்ல போடுறேன். சாந்தோரினின்னு நாம சொல்றது ஒரு எரிமலையோட உடைஞ்ச விளிம்பு. கி.மு. 1600 வாக்குல பெரிய வெடிப்பு ஒண்ணு நடந்து, நடுப்பகுதி உள்ள இறங்கி, கடல் புகுந்துடுச்சு. அந்தப் பள்ளத்துக்குப் பேர்தான் கால்டெரா. கிழக்குப் பக்கம் பெரிய தீவு திரா, பிறை மாதிரி வளைஞ்சிருக்கு. மேற்குல திராசியா. தென்மேற்குல ஆஸ்ப்ரோனிசின்னு ஒரு சின்னத் தீவு. நடுவுல கறுப்பா ரெண்டு எரிமலைத் தீவு: பாலேயா கமேனி, நேயா கமேனி. இதுல நேயா கமேனி ரொம்ப இளசு, 1707ல கடலுக்கு மேல தலைகாட்ட ஆரம்பிச்சது, கடைசியா 1950ல வெடிச்சுது.

இப்போ கவனிங்க. கால்டெரா நடுவுல படகை நிறுத்தினா மேற்குல என்ன இருக்கு? திராசியா. சூரியன் கடலுக்குள்ள இறங்காது, திராசியா மலைக்குப் பின்னாடி போயிடும், அதுவும் நிஜ அஸ்தமன நேரத்துக்கு முன்னாடியே. திறந்த கடல்ல சூரியன் இறங்குறதைப் பார்க்கணும்னா படகு ஒரு இடைவெளிக்கு வந்தாகணும். எந்த இடைவெளிங்கறது மாசத்தைப் பொறுத்தது. ஜூன் கடைசியில சூரியன் நேர் மேற்குல மறையாது, அதுலேர்ந்து சுமார் 30 டிகிரி வடக்கே தள்ளி மறையும். அதனால ஜூன், ஜூலையில திராவோட வடக்கு முனையில இருக்கிற ஓயா ஊருக்குக் கீழ, ஓயாவுக்கும் திராசியாவுக்கும் நடுவுல இருக்கிற வாய்க்கு வந்தா போதும், திராசியாவோட வடக்கு முனையைத் தாண்டித் திறந்த கடல் கிடைக்கும். செப்டம்பர் கடைசியில சூரியன் நேர் மேற்குக்கு வந்துடும். அக்டோபர்ல இன்னும் தெற்கே போகும். அப்போ அதே ஓயா வாய்ல நின்னா திராசியா மறைக்கும். அந்த சீசன்ல தெற்கு வாய் பக்கம், அதாவது அக்ரோதிரி கலங்கரை விளக்கம் பக்கம் நிக்கிற படகுதான் நல்லது. "ஓயா சன்செட்"னு விளம்பரத்துல இருந்தாலே போதும்னு நினைச்சு அக்டோபர்ல போறவங்க நிறைய பேர் ஏமாறுறது இதனாலதான்.

அஸ்தமன நேரமும் சொல்லிடறேன். ஜூன் கடைசியில ராத்திரி 8:40 ஒட்டி. செப்டம்பர் நடுவுல 7:30 ஒட்டி. அக்டோபர் நடுவுல 6:45 ஒட்டி. க்ரூஸ் பொதுவா அஞ்சு மணி நேரம், அதனால கிளம்புற நேரம் மாசத்துக்கு மாசம் மாறும். டிக்கெட்ல 7:30க்கு முடியும்னு போட்டிருந்து, நீங்க போறது ஜூலைன்னா, அது சன்செட் க்ரூஸே இல்ல. கண்டிப்பா கணக்குப் போட்டுப் பாருங்க.

அடுத்தது ரூட். பெரும்பாலான கேட்டமரான், அதாவது ரெண்டு உடம்பு சேர்ந்த மாதிரி இருக்கிற அகலப் படகு, தெற்குக் கரையில இருக்கிற விலிஹாடா மரீனாவுலேர்ந்தோ, வடக்குல ஓயாவுக்குக் கீழ இருக்கிற அம்மூடி துறையிலேர்ந்தோ கிளம்பும். என்னைக் கேட்டா விலிஹாடாவுல ஏறி அம்மூடியில இறங்குற ரூட்தான் கோடைக்கு நல்லது. முதல்ல தெற்குக் கரை ஓரமா ரெட் பீச்சுன்னு சொல்ற செங்கடற்கரை, அதுக்கு அடுத்தாப்புல வெள்ளைப் பாறை வெள்ளைக் கடற்கரை. அப்புறம் கலங்கரை விளக்கத்தைச் சுத்திக்கிட்டு கால்டெராவுக்குள்ள நுழைவு, பாலேயா கமேனி வெந்நீர் ஊற்று, நேயா கமேனி ஓரம், கடைசியா ஓயா. எஞ்சின்ல ஓடுனா கேட்டமரான் வேகம் மணிக்கு 11லேர்ந்து 13 கிலோமீட்டர்தான். அஞ்சு மணி நேரத்துல பாதிக்குக் கொஞ்சம் குறைவா நகர்றதுலயே போயிடும். மிச்சத்துல ரெண்டு மூணு இடத்துல குளியல், ஒரு சாப்பாடு. பாய் விரிக்கிறது காத்து வாகா இருந்தா மட்டும்தான். அதை நம்பி டிக்கெட் எடுக்காதீங்க.

காத்துன்னு சொன்னேன்ல, இந்தப் பயணத்துல எது நடந்தாலும் அதுக்குக் காரணம் காத்துதான். ஜூலை, ஆகஸ்ட்ல ஏஜியன் கடல்ல வடக்குலேர்ந்து ஒரு காத்து அடிக்கும், மெல்டெமின்னு பேரு. வானம் பளிச்சுன்னு நீலமா இருக்கும், மழை அறிகுறியே இருக்காது, ஆனா கடல் கொந்தளிக்கும். வானத்தைப் பார்த்து "இன்னைக்கு நல்லா இருக்கே"ன்னு சொல்றது இங்க செல்லாது. காத்து வடக்குலேர்ந்து வர்றதால தெற்குக் கரையைத் தீவே மறைச்சுக் காப்பாத்துது. செங்கடற்கரையில தண்ணி அமைதியா இருக்கும். கலங்கரை விளக்க முனையைத் திரும்பினதும் நேரா எதிர்க்காத்து. படகு குதிக்க ஆரம்பிக்கிறது இங்கதான். வாந்தி வர்றவங்களுக்கு வர்ற இடமும் இதுதான்.

அதனால சாப்பாட்டை எங்க போடுறாங்கங்கறது முக்கியம். முனையைத் திரும்புறதுக்கு முன்னாடி வயிறு முட்டச் சாப்பாடு போட்டா, அடுத்த அரை மணி நேரத்துல பாதிப் பேர் முகம் வெளுத்துடும். கால்டெராவுக்குள்ள, காத்து மறைவா இருக்கிற ஒரு தீவு ஓரத்துல நிறுத்திப் போடுறதுதான் சரி. ஆனா உள்ள எங்க வேணா நங்கூரம் போட முடியாது. கால்டெராவோட அடி சில இடத்துல 390 மீட்டர் வரைக்கும் ஆழம். செங்குத்துப் பாறை தண்ணிக்கு மேல 300 மீட்டர் தெரியுது, கீழயும் அதே செங்குத்துல இறங்குது. 2007 ஏப்ரல்ல சீ டைமண்ட்ங்கிற பயணிகள் கப்பல் கரைக்குப் பக்கத்துலேயே பாறையில மோதி, மறுநாள் முழுசா முழுகிப் போச்சு. கரையோரமே அவ்வளவு ஆழம். அதனால நங்கூரம் பிடிக்கிற சில இடத்துல மட்டும்தான் படகுகள் கூடும். பீக் சீசன்ல உங்க பக்கத்துல இன்னும் பத்துப் படகு நிக்கிறதைப் பார்த்தா ஆச்சரியப்படாதீங்க.

சமையல் எப்படி நடக்குது? படகோட பின்பக்கக் கம்பியில ஒரு கேஸ் கிரில் மாட்டியிருப்பாங்க. நங்கூரம் போட்டா படகு தானா மூக்கைக் காத்துக்கு எதிரா திருப்பிக்கும், அதனால புகை பின்னாடி போயிடும். அதுக்காகத்தான் கிரில் பின்னாடி. இது தெரிஞ்சா எங்க உக்காரக் கூடாதுன்னும் தெரிஞ்சிடும். தட்டுல பொதுவா வர்றது கோழி, கம்பியில குத்திச் சுட்ட பன்றி இறைச்சி சூவ்லாக்கி, இறால், கிரேக்க சாலட், தயிர்ப் பச்சடி மாதிரி இருக்கிற சட்சிக்கி, ரொட்டி, பாஸ்தா, திராட்சை இலையில சாதம் சுத்தின டோல்மா. இந்த மண்ணுல விளையிற அசிர்திகோ திராட்சையில செஞ்ச வெள்ளை வைன் பெரும்பாலும் டிக்கெட்லயே அடக்கம்.

சைவம் சாப்பிடுறவங்களுக்கு ரெண்டு விஷயம். டோல்மா சாதம் மட்டும் வெச்சும் வரும், கொத்துக்கறி கலந்தும் வரும், கேட்டுட்டு எடுங்க. கிரில் ஒண்ணுதான். இறைச்சி வெந்த அதே கம்பியிலதான் உங்க காய்கறியும் வேகும். அது ஆகாதுன்னா புக் பண்ணும்போதே எழுதிக் கேளுங்க, முதல்ல காயைச் சுட்டுக் கொடுப்பாங்க. கூடவே ஃபாவா இருக்கான்னும் கேளுங்க. நம்ம கெட்டியான பருப்புக் கடைசல் மாதிரியே மஞ்சளா இருக்கும், ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் மேல போட்டுத் தருவாங்க. இந்தத் தீவோட பேர் சொல்ற சாப்பாடு அது. படகுல ஏறினதுக்கப்புறம் சைவம்னு சொன்னா சாலட்டும் ரொட்டியும்தான் மிஞ்சும்.

டின்னர்னு பேர் இருந்தாலும் பொதுவா அஸ்தமனத்துக்கு முன்னாடியே சாப்பாடு முடிஞ்சிடும். இருட்டுல மெழுகுவத்தி வெச்சுச் சாப்பிடுற ஏற்பாடு இல்ல இது. மதியம் லேசா சாப்பிட்டுட்டு வாங்க. அடியோட பட்டினி கிடக்காதீங்க, வெறும் வயித்துலயும் கடல் குமட்டும்.

குமட்டலுக்கு மாத்திரை போடுறதா இருந்தா ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். ஆடத் தொடங்கினதுக்கப்புறம் போட்டா உள்ள தங்காது. நம்ம ஊர்ல கிடைக்கிற அவோமின் மாதிரி மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும், அதோட வைன் சேர்த்துக்காதீங்க. வேற மருந்து எடுக்கிறவங்க டாக்டரைக் கேட்டுக்குங்க. படகோட நடுவுல, வெளிய, அடிவானத்தைப் பார்த்து உக்காருங்க. முன்னாடி இருக்கிற வலையில படுத்துக்கிட்டுப் போட்டோ எடுக்கிறது தெற்குக் கரையில நல்லா இருக்கும். முனையைத் திரும்பும்போது அதே வலைக்குக் கீழேர்ந்து தண்ணி அடிக்கும், அங்க அதிகமா ஆடவும் செய்யும். போனை எடுத்துக்கிட்டுப் படகோட பின்பக்கம் வந்துடுங்க.

வெந்நீர் ஊற்றுன்னா ஆவி பறக்கும்னு எதிர்பார்த்துப் போகாதீங்க. தண்ணி 30லேர்ந்து 35 டிகிரி, அவ்வளவுதான். படகு அந்தக் குடாவுக்குள்ள போகாது. வெளிய ஆழத்துல நிக்கும், நீங்க குதிச்சு சுமார் 50 மீட்டர் நீந்திப் போகணும், திரும்ப நீந்தி வரணும். மே மாசத்துல முதல்ல குதிக்கிற தண்ணி நல்லாவே சில்லுன்னு இருக்கும். நீச்சல் தெரியாதவங்க லைஃப் ஜாக்கெட்டோ மிதவையோ கேளுங்க, வெட்கப்பட எதுவும் இல்ல. அந்தத் தண்ணியில இரும்பும் கந்தகமும் இருக்கு. இரும்பு வெளிர் நிறத் துணியில துருக் கறையா ஏறிக்கும், துவைச்சாலும் போகாது, அதனால கறுப்பு இல்லேன்னா கருநீல நீச்சல் உடை. கந்தகம் வெள்ளியைக் கறுக்க வெச்சுடும். கொலுசு, மெட்டி போட்டிருக்கிறவங்க அன்னைக்குக் கழட்டி ரூம்லயே வெச்சுட்டு வாங்க.

படகுல ஏறும்போது செருப்பைக் கூடையில போடச் சொல்லுவாங்க, எல்லாரும் வெறுங்கால்தான். டயர் சூட்கேஸ் வேண்டாம், துணிப் பை போதும். ஒரு காத்துத் தடுப்பு ஜாக்கெட் ஆகஸ்டா இருந்தாலும் வேணும். ஈர உடம்புல சூரியன் போனதும் அந்த வடக்குக் காத்து எலும்புல இறங்கும். டாய்லெட் சின்னது, குழாயும் ரொம்ப ஒடுக்கம். பேப்பரை உள்ள போட்டா அடைச்சுக்கும், குப்பைக் கூடையில போடுங்க.

காசு விஷயம். பலரோட சேர்ந்து போற கேட்டமரான் சுமாரா ஆளுக்கு 100லேர்ந்து 200 யூரோ. ஹோட்டல்லேர்ந்து வேன், சாப்பாடு, குடி, துண்டு, முகமூடிக் கண்ணாடி இதெல்லாம் அடக்கமான்னு பாருங்க. விலை வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் தலைக்கணக்கு. அதே படகுல இருபது பேருக்குள்ள ஏத்துறாங்களா, அதுக்கு மேல அடைக்கிறாங்களான்னு கேளுங்க. இதுக்காகக் கூட 30 யூரோ கொடுக்கலாம், தப்பே இல்ல. தலை கூடக் கூட நிழல்ல இடம் கிடைக்காது, கிரில் முன்னாடி வரிசை நிக்கும்.

ரத்து ஆகறதைப் பத்தி. காத்து பெரும்பாலும் போஃபோர்ட் அளவுல 6ஐத் தொட்டா, அதாவது மணிக்கு 39லேர்ந்து 49 கிலோமீட்டர், துறைமுகக் காவல்துறை சின்னப் படகுகளைக் கிளம்ப விடாது. அன்னைக்குக் காலையிலதான் சில சமயம் தெரியும். அதனால க்ரூஸைத் தீவுல இறங்குற மறுநாளே வெச்சுக்குங்க. கடைசி நாளுக்குத் தள்ளி வெச்சா, ரத்தானா மாத்துறதுக்கு நாள் இருக்காது. காத்துக்காக ரத்து பண்ணினா முழுப் பணமும் திரும்ப வருமான்னு விதிமுறையில படிங்க. ரத்து பண்ணாம ரூட்டை மட்டும் மாத்துனா பொதுவா பணம் வராது, இதையும் தெரிஞ்சுக்குங்க.

போட்டோ எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு மனசார சொல்றேன். எல்லாரும் மேற்கையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கிழக்கே திரும்புங்க. தாழ்ந்த வெயில் நேரா கால்டெராப் பாறை மேல விழும். சிவப்பு எரிமலைக் குழம்பு, கறுப்பு, மேல வெள்ளையா சாம்பலும் நுரைக்கல்லும், ஒவ்வொரு வெடிப்போட அடுக்கும் தனித்தனியா தெரியும். உச்சியில ஃபீரா, இமெரோவிக்லி, ஓயா வீடெல்லாம் வரிசையா மினுங்கும். இது ஊருக்குள்ள நிக்கிறவங்களுக்கு இப்படி முழுசாக் கிடைக்காது, ஏன்னா அவங்க நிக்கிறதே அந்தப் பாறை மேலதான். படகுல வர்றதுக்கு எனக்கு இதுதான் முதல் காரணம், சூரியன் ரெண்டாவது. போன்ல எடுக்கும்போது பிரகாசமான வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழ இறக்குங்க, நிறம் வெளுக்காது.

கடைசியா இறங்குறது. அம்மூடியில இறங்கினா மேல ஓயாவுக்கு ஏறுற படிக்கட்டு செங்குத்து, ராத்திரியில கால் வழுக்கும். கார் போற பாதை இருக்கு. ஆனா எல்லாப் படகும் ஒரே நேரத்துல ஆளை இறக்குறதால அந்தக் குறுகலான ரோட்டுல வேன் நகராது, அரை மணி நேரம் கூடவே ஆகலாம். அன்னைக்கு ராத்திரி படகோ விமானமோ பிடிக்கிற திட்டம் வேண்டாம். படகை விட்டு இறங்குறதுக்கு முன்னாடி உங்க வேன் நம்பரை ஊழியர்கிட்ட கேட்டு வாங்கிக்குங்க. கீழ இருட்டுல ஒரே மாதிரி வெள்ளை வேன் பத்து நிக்கும்.