"வேற எங்கயாவது போயிடும்"

வணக்கம். பின்னாடி இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? சரி.

காட்டை வெட்டிச் சாலை போடவோ வீடு கட்டவோ ஒரு திட்டம் வருகிறது, அங்கே இருக்கிற விலங்குகள் என்ன ஆகும் என்று யாரோ கேட்கிறார்கள். "அதுக்கென்ன, வேற எங்கயாவது போயிடும்" என்று பதில் வரும். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை, நிஜமாகவே நம்பித்தான் சொல்கிறார்கள், நானே ரொம்ப நாள் அப்படி நம்பிக்கொண்டிருந்தவன்தான். இன்றைக்கு அந்த 'வேற எங்கயாவது' எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடிப் பார்ப்போம்.

பிரேசிலில், அமேசான் காட்டுக்குள் மனாவுஸ் நகருக்குப் பக்கத்தில், 1979இல் தாமஸ் லவ்ஜாய் என்ற உயிரியலாளர் ஒரு ஆய்வைத் தொடங்கினார். மாட்டுப் பண்ணைகளுக்காக எப்படியும் காட்டை அழிக்கத்தான் போகிறார்கள், அதில் 1 ஹெக்டேர், 10 ஹெக்டேர், 100 ஹெக்டேர் என்று சில துண்டுகளை மட்டும் விட்டுவையுங்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிறோம் என்று கேட்டு வாங்கினார்கள். சுற்றிலும் மரங்கள் விழுந்ததும் முதலில் நடந்தது என்ன தெரியுமா? துண்டுக்குள் வலை கட்டிப் பிடித்துப் பார்த்தபோது பறவைகள் கூடியிருந்தன. அந்த நேரத்தில் நீங்கள் போய்ப் பார்த்திருந்தால், "பாத்தீங்களா, எல்லாம் இங்க வந்திடுச்சு" என்று சந்தோஷமாகத் திரும்பியிருப்பீர்கள். கொஞ்ச காலம்தான். அப்புறம் எண்ணிக்கை சரசரவென்று இறங்கிவிட்டது. ஏனென்றால் அந்தத் துண்டு ஒன்றும் காலி வீடு கிடையாது. அங்கே ஏற்கெனவே ஒரு பறவை தன் எல்லையைக் காத்துக்கொண்டு, தனக்கும் குஞ்சுக்கும் போதுமான பூச்சியை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்கிறது. வந்தவை அகதிகள். வந்தவற்றுக்கும் இரை போதாது, இருந்தவற்றுக்கும் போதாது.

காடு என்றால் எல்லா இடமும் ஆள் இருக்கிற இடம்தான் என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. படை எறும்புகள் கூட்டமாக நகரும்போது பயந்து ஓடும் பூச்சிகளைப் பிடித்துத் தின்றே பிழைக்கும் பறவைகள் அங்கே உண்டு. ஒரு எறும்புப் படைக்கே பல ஹெக்டேர் காடு வேண்டும், பறவைக்கோ இன்று இந்தப் படை, நாளை வேறு படை என்று பல படைகள் வேண்டும். சின்னத் துண்டுகளில் இந்தப் பறவைகள்தான் முதலில் காணாமல் போயின. பறந்து அடுத்த காட்டுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். நிழலிலேயே பிறந்து நிழலிலேயே வாழ்கிற சில பறவைகள், 100 மீட்டர்கூட இல்லாத வெட்டவெளியைக் கடக்கத் தயங்கி நின்றுவிடுகின்றன. இறக்கை இருக்கிறது, ஆனாலும் போகாது. யானைக்கும் சிறுத்தைக்கும் வழி விடச் சொல்லிப் பேச ஆள் இருக்கிறது, இந்தக் குருவிகளுக்காகப் பேச ஆள் இல்லை என்பது எனக்கு எப்போதுமே ஒரு வருத்தம்.

சரி, துண்டுக்குள்ளேயே தங்கியவை நன்றாக இருக்கின்றனவா? வெனிசுவேலாவில் குரி அணை கட்டித் தண்ணீர் ஏறியதும், குன்றுகளின் உச்சிகள் எல்லாம் தீவுகளாகிவிட்டன. சின்னத் தீவுகளில் சிறுத்தைப்புலி போன்ற ஜாகுவாரும் இல்லை, பூமா என்கிற பெரிய காட்டுப்பூனையும் இல்லை, பெரிய கழுகும் இல்லை. பிடித்துத் தின்ன யாரும் இல்லாததால் ஊளைக்குரங்கும் உடும்பு மாதிரி இருக்கும் இகுவானாவும் இலைவெட்டி எறும்பும் எக்கச்சக்கமாகப் பெருகின. அவற்றுக்கு நல்ல காலம் என்று நினைத்தால் அதுவும் இல்லை, முளைத்து வரும் கன்றுகளை எல்லாம் தின்று தீர்த்து, அடுத்த தலைமுறை மரமே எழாத நிலைக்குக் காடு வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும்.

இந்தப் பச்சைதான் நம்மை ஏமாற்றுகிறது. "வெட்டிய மரத்துக்குப் பதில் பத்து கன்று நடுகிறோம்" என்பார்கள். நடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இருவாச்சி கூடு வைப்பது பெரிய மரத்தின் பொந்தில்தான், பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிட, ஆண் பறவை வெளியிலிருந்து பழம் கொண்டுவந்து ஊட்டும். அப்படி ஒரு பொந்து விழும் அளவுக்கு மரம் பருக்க எத்தனை பத்தாண்டுகள் வேண்டும்! இன்றைக்கு நட்ட கன்றிடம் போய் அந்தப் பறவை என்ன கேட்கும்?

இது எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே ஒரு சாலையில்தான். பிரேசிலின் அமேசானில் அழிந்த காட்டில் சுமார் 95 சதவீதம், சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள் அல்லது ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருப்பது என்று ஒரு ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார்கள். வானிலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும், நடுவில் ஒரு சாலை, இரண்டு பக்கமும் கிளைகள். அதனால் மனிதர்களுக்கு வீடும் சாலையும் வேண்டாமா என்று கேட்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை, வேண்டும்தான். காட்டைக் குறுக்கே பிளக்கிற அந்த முதல் சாலையை ஓரமாக வளைத்துக் கொண்டுபோக முடியுமா என்று மட்டும் கேட்கிறேன். முடியாது என்றால் கடக்க வழியாவது வையுங்கள். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு வேலி போட்டு, மேலே மரம் செடி வளர்ந்த பாலங்களும் கீழே சுரங்கப் பாதைகளும் கட்டினார்கள், வண்டியில் அடிபட்டுச் சாகும் விலங்குகள் வெகுவாகக் குறைந்தன. கரடிகள் உடனே நம்பிவிடவில்லை, பழகுவதற்குச் சில வருடங்கள் எடுத்துக்கொண்டன.

வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பூமாவைச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில், பி-22 என்று ஆய்வாளர்கள் எண் கொடுத்த ஆண் பூமா. எப்படியோ இரண்டு பெரிய நெடுஞ்சாலைகளைத் தாண்டி கிரிஃபித் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது, 2012இல் கேமராவில் பதிவானது. சாதாரணமாக ஒரு ஆண் பூமா சுற்றும் இடத்தில் சிறு பங்குதான் அந்தப் பூங்கா. உண்ண மான் இருந்தது, ஊரே அதைக் கொண்டாடியது, ஆனால் ஒரு பெண் பூமாகூட அங்கே வரவில்லை. சுமார் பத்து வருடம் தனியாகவே இருந்தது. 2022 ஏப்ரலில், அந்த நகரத்துக்கு வெளியே, விலங்குகள் கடப்பதற்கென்றே நெடுஞ்சாலைக்கு மேல் ஒரு பெரிய பாலம் கட்டத் தொடங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், வண்டியில் அடிபட்ட காயத்தோடும் நோயோடும் இருந்த பி-22ஐக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.